காற்றை நம்பிய மருத்துவமனைகள்

இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே உள்ள வைட் தீவில், கடலை நோக்கி இறங்கும் மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டப்பட்ட சிற்றூர் வென்ட்னர். பின்னால் நிற்கும் குன்று வாடைக்காற்றை மறித்துவிடும். முன்னால் கடல், தெற்கிலிருந்து வெயில். மூட்டமும் ஈரமுமாகக் கிடக்கும் அந்த நாட்டில் இப்படி ஓர் இடம் அமைவது அரிது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜேம்ஸ் கிளார்க் என்ற மருத்துவர், இந்தக் கரையின் தட்பவெப்பம் நெஞ்சு நோயாளிகளுக்கு ஏற்றது என்று எழுதினார். அதன்பின் ஊரின் தலையெழுத்தே மாறியது. விடுதிகள் எழுந்தன. 1866இல் ரயில் வந்தது. கார்ல் மார்க்ஸ்கூட வாழ்வின் கடைசிக் குளிர்காலங்களில் நெஞ்சு நோய்க்கு ஆறுதல் தேடி இங்கே வந்து தங்கினார்.

ஊரின் பெரிய அடையாளம் 1868இல் தொடங்கிய ராயல் நேஷனல் மருத்துவமனை. காசநோயாளிகளுக்கென்றே அதை நிறுவியவர் ஆர்தர் ஹில் ஹாசல். 1850களில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு லண்டன் கடைகளின் காப்பித்தூளிலும் ரொட்டியிலும் இருந்த கலப்படத்தை அம்பலப்படுத்தியவர் இவர்தான். சொந்த நுரையீரல் கெட்டுப்போய்த் தீவுக்குக் குடிவந்தவர், நோயாளிகளைப் பெரிய கூடத்தில் வரிசையாகக் கிடத்தும் வழக்கத்தை ஏற்கவில்லை. தெற்கு நோக்கிய வீடுகளை வரிசையாகக் கட்டி, ஆளுக்கு ஓர் அறை கொடுத்தார். காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்தது 1882இல். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஹாசல் நோயாளிகளைத் தனித்தனியே வைத்துவிட்டார்.

அடுத்த எண்பது ஆண்டுகளில் வைத்தியம் பெரிதாக மாறவில்லை. காற்று, ஓய்வு, ஊட்டமான சாப்பாடு. இந்த மூன்றையும் நம்பி இங்கிலாந்தின் மலைச்சரிவுகளிலும் பைன் காடுகளிலும் நூற்றுக்கணக்கான சானடோரியங்கள் கட்டப்பட்டன. அவற்றில் ஒன்று நம்மவர் நடத்தியது. சாமர்செட் மாவட்டத்து மென்டிப் மலையில் இருந்த அந்த சானடோரியத்தின் தலைவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. முதல் உலகப்போர்க் காலத்தில் கணித மேதை ராமானுஜன் அங்கே சில காலம் நோயாளியாக இருந்தார். அதே சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கியதுதான், இன்றும் ஒரு ரயில் நிலையத்துக்குப் பெயராக நிற்கும் சானடோரியம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இங்கிலாந்தின் நிலைமை மோசமாக இருந்தது. 1940களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 பேருக்குப் புதிதாகக் காசநோய் கண்டறியப்பட்டது. 20,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள், இளம் தாய்மார்கள். குண்டுவீச்சில் வீடுகள் போனதால் ஒரே அறையில் குடும்பமே அடைந்து கிடந்தது. சாப்பாட்டுக்கு ரேஷன். நோய் பரவ இதைவிட வேறென்ன வேண்டும்?

1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கியது. வென்ட்னர் மருத்துவமனை உள்பட நாட்டின் பெரும்பாலான சானடோரியங்கள் அரசின் கைக்கு வந்தன. வைத்தியம் எல்லோருக்கும் இலவசம் ஆனது. ஆனால் இலவசம் என்று அறிவித்தவுடன் இடம் கிடைத்துவிடவில்லை. காத்திருப்போர் பட்டியல் ஆயிரக்கணக்கில் நீண்டது. கட்டில் இருந்தது, பார்த்துக்கொள்ள நர்ஸ் இல்லை. சானடோரியத்தில் வேலைக்குச் சேர்ந்தால் நோய் தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பெண்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் வீணானதல்ல. நர்ஸுகளுக்கு நோய் தொற்றுவது உண்மையாகவே நடந்தது. 1949இல் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி பிரிட்டனுக்கு வந்தபோது அதை முதலில் பெற்றவர்களில் நர்ஸுகளும் அடக்கம். உள்நாட்டில் இடம் போதாமல், 1951 முதல் நூற்றுக்கணக்கான நோயாளிகளை அரசு தன் செலவில் சுவிட்சர்லாந்து சானடோரியங்களுக்கு அனுப்பியது.

இடம் கிடைத்து உள்ளே போனவரின் வாழ்க்கை எப்படி இருந்தது?

முதலில் படுக்கை. எழுந்திருக்கக் கூடாது, சில வாரங்களுக்குக் கையைத் தூக்கித் தலை வாரவும் கூடாது. கழிவறைக்குக்கூடப் போகாமல் கட்டிலிலேயே மாதக்கணக்கில் கிடந்தவர்கள் உண்டு. சன்னல்கள் இரவும் பகலும் திறந்தே இருக்கும். வராந்தாவில் கட்டில் போட்டிருந்தால் குளிர்காலத்தில் கம்பளியின் மேல் பனி விழுந்து கிடக்கும். காலையும் மாலையும் வெப்பமானி, தவறாமல் எடை. துப்புவதற்கு மூடிபோட்ட குவளை. காய்ச்சல் இறங்கினால் முதலில் ஒரு மணி நேரம் உட்காரலாம், பிறகு இரண்டு மணி நேரம், பிறகு சில அடி நடை என்று படிப்படியாக அனுமதி. ஒரு நாள் காய்ச்சல் ஏறிவிட்டால் மீண்டும் முதல் படிக்கு இறங்க வேண்டும். ஆண்களும் பெண்களும் பேசிப் பழகுவதைத் தடுக்கப் பல இடங்களில் கடுமையான விதிகள் இருந்தன. ஆறு மாதம், ஓராண்டு, இரண்டு ஆண்டு என்று இளமை இப்படிக் கழிந்தது.

அந்த முடக்கத்திலிருந்தும் சிலர் எதையோ கண்டெடுத்தார்கள். சர்ரே மாவட்டத்தில் கோடால்மிங் ஊருக்கு அருகே இருந்தது மில்ஃபோர்ட் சானடோரியம். 1948இல் அங்கே படுத்திருந்த இரண்டு வாலிபர்கள் ரே கால்ட்டனும் ஆலன் சிம்ப்சனும். வானொலி நகைச்சுவை நிகழ்ச்சிகளைக் கேட்டுக் கேட்டு, மருத்துவமனைக்குள் நோயாளிகளுக்காக நடந்த வானொலிக்கு இருவரும் சேர்ந்து நாடகம் எழுதினார்கள். வெளியே வந்ததும் பி.பி.சி.க்கு எழுதினார்கள். ‘ஹேன்காக்ஸ் ஹாஃப் அவர்’, ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ என்று பிரிட்டனே சிரித்துக் கொண்டாடிய தொடர்கள் அந்த நட்பின் விளைச்சல். லிவர்பூல் பையன் ஒருவன் 1953 வாக்கில், பதின்மூன்று வயதில், ஹெஸ்வால் ஊரின் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்தான். நோயாளிக் குழந்தைகளின் இசைக்குழுவில் சேர்ந்து, நூல்கண்டுக் கட்டையால் கட்டிலருகே இருந்த அலமாரியைத் தட்டித் தாளம் பழகினான். பின்னாளில் பீட்டில்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞரான ரிங்கோ ஸ்டார்தான் அந்தப் பையன்.

இவை நல்ல கதைகள். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த ஆண்டுகள் காயமாகவே மிஞ்சின. பெற்றோர் மாதத்துக்கு ஒருமுறைதான் வந்து பார்க்கலாம் என்ற விதி பல இடங்களில் இருந்தது. தாயைப் பார்த்தால் குழந்தை அழும், அழுதால் நோய் கூடும் என்பது அன்றைய நியாயம். மூன்று வயதில் உள்ளே போன குழந்தை ஐந்து வயதில் வெளியே வரும்போது தாயின் முகம் மறந்துபோயிருக்கும். எலும்பிலும் மூட்டிலும் காசநோய் வந்த குழந்தைகளை மாவுக்கட்டுப் போட்டு வெயிலில் கிடத்தி வைத்தார்கள். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கும் வழக்கத்தைக் கேள்வி கேட்டவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். 1952இல் அவர் எடுத்த ஆவணப்படம், மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியின் துயரத்தை எந்த அலங்காரமும் இல்லாமல் காட்டியது. மருத்துவ உலகில் பலர் கோபப்பட்டார்கள். 1959இல் வந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. அதுவரை பிரிந்து கிடந்த பிள்ளைகளுக்கு அந்தப் பரிந்துரை காலம் கடந்தே வந்தது.

பெரியவர்களுக்கு ஓய்வு மட்டும் போதாதபோது கத்தியும் ஊசியும். விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செருகி, நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் காற்றை அடைப்பார்கள். நுரையீரல் சுருங்கி ஓய்வெடுக்கும். புண் ஆறும் என்பது கணக்கு. காற்று வடிந்துவிடும் என்பதால் சில வாரத்துக்கு ஒருமுறை மறுபடியும் ஊசி, இப்படி ஆண்டுக்கணக்கில். அதுவும் பலிக்காவிட்டால் விலா எலும்புகள் ஆறேழை வெட்டி எடுத்து, மார்புச் சுவரையே உள்ளே அமுக்கிவிடுவார்கள். உடம்பு முழுக்க மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்று, பல நேரங்களில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் அறுவை. நோயாளி விழித்திருப்பார். பிழைத்தவர்கள் ஆயுள் முழுக்க ஒரு தோள் சரிந்தே நடந்தார்கள்.

இத்தனை வேதனைக்கும் பலன் எவ்வளவு என்று யாரும் முறையாகச் சோதித்துப் பார்த்ததில்லை. அந்தக் காலத்து மருத்துவத்தின் மிகப் பெரிய குறை இதுதான். காற்று நல்லது, ஓய்வு நல்லது என்று அனுபவசாலிகள் சொன்னார்கள், கட்டடங்கள் எழுந்தன.

சோதித்துப் பார்க்கும் நாள் வந்தது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் 1943இல், காசநோய்க் கிருமியை அடக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கண்டுபிடித்தார். போரில் கஜானா காலியாகிப்போன பிரிட்டனிடம் டாலர் இல்லை. வாங்க முடிந்தது கொஞ்சம் மருந்துதான். அத்தனை நோயாளிகளில் யாருக்குக் கொடுப்பது? புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் ஒரு வழி சொன்னார். எப்படியும் எல்லோருக்கும் போதாது. அப்படியானால் யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான படுக்கை ஓய்வு என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்காமல், ஒட்டிய உறைக்குள் இருக்கும் குலுக்கல் முடிவு தீர்மானிக்கட்டும் என்றார். மருத்துவராக ஆசைப்பட்டு, முதல் உலகப்போரில் தானே காசநோய்க்கு ஆளாகி, படுக்கையில் கிடந்தபடி அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்தவர் ஹில். இந்த நோயை அவர் உள்ளிருந்து அறிந்தவர்.

1947இல் தொடங்கிய அந்தச் சோதனையில் 107 நோயாளிகள் சேர்ந்தார்கள். 55 பேருக்கு நாளுக்கு நான்கு ஊசி வீதம் நான்கு மாதம் மருந்து. 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் 4 பேர். மற்றவர்களில் 14 பேர். 1948 அக்டோபரில் வெளிவந்த இந்த முடிவு, காசநோய் வைத்தியத்தை மட்டுமல்ல, புதிய மருந்துகளைச் சோதிக்கும் முறையையே உலகெங்கும் மாற்றிவிட்டது. இன்று சந்தைக்கு வரும் பெரும்பாலான புதிய மருந்துகள் கடக்க வேண்டிய குலுக்கல் சோதனைக்கு முன்மாதிரி அதுதான்.

அதே 1948இல் ஸ்காட்லாந்தின் ஹேர்மயர்ஸ் மருத்துவமனையில் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் படுத்திருந்தார். நண்பர் டேவிட் ஆஸ்டரின் உதவியால் அமெரிக்காவிலிருந்து அவருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. தோல் சிவந்து உரிந்தது, வாயெல்லாம் புண், முடி கொட்டியது. மருந்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் கிரானம் சானடோரியத்தில் சில மாதங்கள். அங்கிருந்து லண்டனில் ஒரு மருத்துவமனை. 1950 ஜனவரி 21 அன்று, 46 வயதில் இறந்தார்.

மருந்தைத் தாங்கிக்கொண்டவர்களுக்கும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் பெற்றவர்களில் பலருக்குச் சில மாதங்களிலேயே கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. முதல் சோதனையில் மருந்து பெற்ற 55 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுக்குள் இறந்துபோனார்கள். தீர்வு, மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதில் இருந்தது. சுவீடனின் யோர்கன் லேமன் கண்டறிந்த பி.ஏ.எஸ். என்ற, வயிற்றைப் புரட்டும் மருந்தைக் கூடவே கொடுத்தபோது கிருமியின் எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. 1952இல் ஐசோனியாசிட் வந்தது. விலை குறைவு, விழுங்கும் மாத்திரை. எடின்பரோவில் ஜான் கிராஃப்டனும் அவருடைய சகாக்களும் மூன்று மருந்துகளையும் சேர்த்து, ஒரு வேளையும் தவறாமல், ஓராண்டுக்கு மேல் கொடுத்துக் காசநோயை முழுமையாகக் குணப்படுத்த முடியும் என்று காட்டினார்கள். மற்ற ஊர் மருத்துவர்கள் முதலில் நம்ப மறுத்தார்கள்.

மருந்து ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. 1943 முதல் எக்ஸ்ரே வண்டிகள் ஆலைகளுக்கும் தெருக்களுக்கும் போய், இருமல் தொடங்கும் முன்பே நோயைப் பிடித்தன. 1957இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐந்தே வாரத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்கள். நோயுற்ற பசுவின் பால் வழியே குழந்தைகளுக்கு வந்த காசநோய் தனிக் கதை. பாலைக் காய்ச்சிப் பதப்படுத்தியதாலும், மந்தைகளைச் சோதித்து நோயுற்ற மாடுகளை நீக்கியதாலும் அந்த வழி அடைபட்டது; 1960இல் பிரிட்டன் முழுவதும் மந்தைகளைச் சோதிக்கும் வேலை முடிந்தது. 1953 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு பி.சி.ஜி. போடப்பட்டது. பிரிட்டிஷ் பிள்ளைகளிடம் நன்கு பலித்த அதே தடுப்பூசி, பின்னாளில் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த மாபெரும் ஆய்வில் பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை.

சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் குடும்பம் என்ன செய்யும்? போருக்கு நடுவே, 1943இல், பிரிட்டிஷ் அரசு காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு உதவித்தொகை தரத் தொடங்கியது. நோயைப் பற்றி மட்டுமே பேசும் வரலாறுகளில் இது விடுபட்டுப்போகும். ஆனால் வீட்டு வாடகை கட்ட முடியாதவன் எப்படி ஓராண்டு படுக்கையில் கிடப்பான்? அந்தத் திட்டத்திலும் ஓர் அநியாயம் இருந்தது. குணமாகி வேலைக்குத் திரும்புவார் என்று கருதப்பட்டவருக்குத்தான் பணம். நோய் முற்றியவரின் குடும்பத்துக்கு இல்லை. கேம்பிரிட்ஜ் அருகே பாப்வொர்த்தில் பென்ட்ரில் வேரியர்-ஜோன்ஸ் வேறு வழி கண்டிருந்தார். நோயாளிக்கு அங்கேயே வீடு, குடும்பத்தோடு குடியிருப்பு, தச்சுப்பட்டறையிலும் பெட்டி செய்யும் பட்டறையிலும் உடம்புக்குத் தக்க வேலை, வேலைக்குக் கூலி. கௌரவமான ஏற்பாடு அது.

சானடோரியம் இல்லாமல், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டால் போதாதா? 1950களின் நடுவில் இந்தக் கேள்விக்கு யாரிடமும் உறுதியான பதில் இல்லை. பதில் வந்தது சென்னையிலிருந்து. இந்தியாவுக்குத் தேவையான அளவு காசநோய்க் கட்டில்களை எந்தக் காலத்திலும் கட்டிவிட முடியாது என்பது தெளிவாகத் தெரிந்த நிலையில், 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கைகோத்தன. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் முதல் இயக்குநர்.

193 ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம்: நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, நர்ஸ் கவனிப்பு. இன்னொரு பிரிவுக்கு நெரிசலான குடிசை வீடு, கிடைத்த கஞ்சி, முடிந்தபோது வேலை. இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதத்தினருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் வைத்தியம் பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்பதுதான் உண்மையான சிக்கல் என்பதையும் அங்கேயே கண்டுகொண்டார்கள். யாராவது ஒருவர் முன்னிலையில் மருந்து சாப்பிடும் முறை அங்கே உருவெடுத்து, பிறகு உலகமெங்கும் போனது.

எண்பது ஆண்டு நம்பிக்கையைச் சென்னையின் ஏழை நோயாளிகள் அசைத்துவிட்டார்கள். காற்றும் மலையும் காசநோயைக் குணப்படுத்தவில்லை. சானடோரியம் பயனற்றது என்பதல்ல இதன் பொருள். மருந்தில்லாக் காலத்தில் பசித்தவருக்குச் சோறும், ஓய்வும், துணைக்கு ஓர் ஆளும் அது தந்தது, வீட்டில் இருந்தவர்களுக்குத் தொற்றாமலும் காத்தது. ஆனால் மருந்து வந்தபின்னும் தாயையும் பிள்ளையையும் பிரித்து வைக்க அது காரணம் ஆகாது.

இங்கிலாந்தில் கட்டில்கள் வேகமாகக் காலியாயின. வென்ட்னர் மருத்துவமனை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வைத்தியம் பார்த்தபின் 1964இல் மூடப்பட்டு, 1969இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று தாவரவியல் பூங்கா இருக்கிறது. நெஞ்சைத் திறந்து பழகிய அறுவை மருத்துவர்கள் இதயத்துக்குத் திரும்பினார்கள். காசநோய்க்காகத் தொடங்கிய பாப்வொர்த்தில்தான் 1979இல் பிரிட்டனின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவை நடந்தது.

இந்தியாவில் காசநோயின் கதை முடியவில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். சேத்துப்பட்டு மையம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இன்றும் இயங்குகிறது. வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மருந்து, அரசு மருத்துவமனைகளில் இலவசம். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், உடல் மிகவும் நலிந்தவர்களை முதல் நாளிலேயே அடையாளம் கண்டு, அவர்களை மட்டும் மருத்துவமனையில் சேர்க்கிறது. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வர வேண்டும். வராவிட்டால் கேட்டுப் பெறுங்கள், அது உங்கள் உரிமை. வீட்டில் யாருக்காவது இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மருந்துக்கடைச் சிரப்போடு நிறுத்திவிடாதீர்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் சளிப் பரிசோதனை செய்யுங்கள். நோய் உறுதியானால், உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாம் மாதத்தில் நிறுத்தாமல், கடைசி மாத்திரைவரை சாப்பிட வையுங்கள்.